யானைக் காலுக்குள் ஊக்கு

என் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் அவளுக்கு முன்னால் என் தப்பு வந்து நிற்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு அவளைப் பற்றி எழுத முடியவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கடவுளுக்கு முன்னால் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

அக்கா செருப்புத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். அடிப்பாகத்தில் பசை தடவி, மேல்பாகத்தை வைத்து அழுத்துவது அவள் வேலை. அந்தப் பசையின் நெடி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு படி ஏறினால் மூச்சு இளைத்தது. இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் வீட்டோடு தங்கிவிட்டாள். சும்மா இருக்கத் தெரியாதவள். இருக்கிற நாலு பாத்திரத்தையே காலையும் மாலையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பூட்டு ரிப்பேர் செய்பவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். வாயைத் திறந்தால் கேலிதான்.

"ஏம்மா, இன்னும் ரெண்டு நாள் தேய்ச்சீன்னா பாத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க தெரிவாங்க. எதுக்கும் திரை ஒண்ணு போட்டுக்கலாம்."

ஒரு நாள் பழைய துணி மூட்டையிலிருந்து ஒரு குழந்தைக் குல்லா கிடைத்தது. உல்லன் நூலில் பின்னியது. யாருடையது என்றே தெரியவில்லை. அக்கா அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நுனியைத் தேடிப் பிடித்து ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தாள். நூல் எந்த வழியாக வெளியே வருகிறதோ அந்த வழியாகத்தானே உள்ளே போயிருக்கும், அதுதான் அவள் யோசனை. பத்துக் கண்ணி பிரிப்பாள், நிறுத்துவாள், உற்றுப் பார்ப்பாள், மறுபடியும் பிரிப்பாள். குல்லா முழுவதும் பிரிந்து மடியில் நூலாகக் கிடந்தபோது அவளுக்குப் பின்னல் தெரிந்திருந்தது. மாமா ஒரு சைக்கிள் கம்பியை வெட்டி, அரத்தால் ராவி, நுனியில் கொக்கி வைத்துக் கொடுத்தார். அதுதான் அவளுடைய முதல் குரோஷா ஊசி. ஒரு வாரத்தில் அதே நூல் அதே குல்லாவாகத் திரும்பி வந்தது. ஒரு கண்ணி கூடவில்லை, குறையவில்லை.

பிறகு கையடக்கமான பொம்மைகள் பின்ன ஆரம்பித்தாள். முயல், வாத்து, கரடி, யானை. டீ கிளாஸுக்குச் சட்டை, கெட்டில் பிடிக்கிற துணி, கால் சில்லிடாமல் இருக்க வீட்டுக்குள் போடும் உறை, இவையும் உண்டு. ஆனால் அவள் மனசு பொம்மையில்தான். இரண்டு அறை வீடு எங்களுடையது, இரண்டாவது மாடி. ஜன்னல் கம்பியில் வரிசையாகப் பைகள் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்து நூல். கட்டிலுக்கு அடியில் பஞ்சு மூட்டை. யாராவது தும்மினால் வீட்டில் பாதி மேலே பறக்கும்.

அக்காவின் பொம்மைக்குக் கண்ணாகப் பட்டன் கிடையாது, மணி கிடையாது. கறுப்பு நூலால் கண் தைப்பாள். "பட்டனக் குழந்தை கடிச்சுப் பிச்சு முழுங்கிடும். என் பொம்மைய வாயில வச்சுச் சப்பலாம், கடிக்கலாம், மூஞ்சில போட்டுக்கிட்டுத் தூங்கலாம். நூலும் பஞ்சும் தவிர ஒண்ணும் இல்ல" என்பாள். வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்களோ இல்லையோ, சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பாள்.

அவள் மூச்சு வாங்கிப் படுத்திருந்த நாளில் பார்த்துக்கொள்ள வந்தவள் நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, போக வேறு இடமும் இல்லை. அப்படியே தங்கிவிட்டேன். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மூலையில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வேன். அதனால் மாமா எனக்கு வைத்த பெயர் சாமி. "சாமி சாப்டாச்சா, சாமி தண்ணி பிடிச்சாச்சா" என்றுதான் கூப்பிடுவார். கேலிதான். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும். இந்த வீட்டில் நான்தான் கொஞ்சம் நல்லவள் என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் பஞ்சு அடைப்பதும் ஒட்டுத் தையல் போடுவதும்தான் என் வேலை. பிறகு கால்களை நானே பின்னினேன். அக்காவின் கை சீராக ஓடும். என் கை இறுக்கும். நான் பின்னிய காலைப் பிடித்துப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். "சாமி பின்னின கால்ல நின்னா யானை பூகம்பத்துக்குக்கூட அசையாது" என்று மாமா சொல்வார்.

பொம்மையின் கால் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் பின்னல். எங்கேயும் முடியாது, எங்கேயும் தொடங்காது. ஒரு சுற்று எங்கே ஆரம்பித்தது என்று தெரியாமல் போனால் கணக்குத் தப்பி, கால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதற்காகச் சுற்றின் முதல் கண்ணியில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். அக்கா வேறு நிறத்து நூல் துண்டு ஒன்றைச் செருகி வைப்பாள். அடுத்த சுற்றுக்கு அதை உருவி மேலே மாற்ற வேண்டும். எனக்கு அது பொறுமையைச் சோதித்தது. நூல் துண்டு நழுவி விழும், தேட வேண்டும். ஊக்கு என்றால் குத்தினால் நிற்கும். ஒரு தடவை நான் ஊக்கு குத்துவதை அக்கா பார்த்துவிட்டாள்.

"இரும்பு வேணாம்டி."

"எடுத்துடுவேன்க்கா. அடையாளத்துக்குத்தானே."

"எடுப்பே. ஒரு நாள் எடுக்க மாட்டே. நூலே வை."

சரி என்றேன். அவள் எதிரில் நூல் வைத்தேன். அவள் அந்த அறையில் இல்லாதபோது ஊக்கு வைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டிலிருந்து தலைமை நர்ஸ் அம்மா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். ஊசி போடும்போது பிடித்துக்கொள்ளக் குழந்தைகளுக்குக் கையில் ஒன்று வேண்டுமாம். இருபத்து நாலு பொம்மை, ஒரு மாதத்தில். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க அக்காவிடமே வாங்கிக்கொள்வார்களாம். நர்ஸ் அம்மா ஒரு முயலை எடுத்து அமுக்கிப் பார்த்து, காதைப் பிடித்து இழுத்து, தைத்த கண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள்.

"வாயில வச்சா ஒண்ணும் ஆகாதே?"

"நூலும் பஞ்சும் தவிர ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். நான் பொறுப்பு" என்றாள் அக்கா.

அவர்கள் போனபிறகு அக்கா ரொம்ப நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தரும் அவள் செய்ததைக் கையில் எடுத்துப் பார்த்து, இது உன்னுடையதா என்று கேட்டதில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்தது கிடையாது.

முயலும் வாத்தும் பன்னிரண்டு. அவை முழுக்க அக்கா கை. யானையும் கரடியும் பன்னிரண்டு. அவற்றுக்கு உடம்பு அவள், கால் நான். கடைசி வாரம் கை பறந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு யானைக் கால் பாதியில் இருந்தது. என் பிரார்த்தனை நேரம் வந்துவிட்டது. அடையாள ஊக்கை அப்படியே வெளியே விட்டால் அக்கா கண்ணில் படும். கழற்றிக் காலின் உட்பக்கமாகக் குத்தி மறைத்து வைத்துவிட்டு எழுந்து போனேன். அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து, மிச்சத்தைப் பின்னி, பஞ்சை அடைத்து, உடம்போடு சேர்த்துத் தைத்தேன்.

மறுநாள் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கியானது. நான் ஊக்குகளை எடுத்து டப்பாவில் போட்டேன். நாலு இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தது. பாயை உதறினேன். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். துழாவும்போதே எனக்குத் தெரியும், அது எங்கே இருக்கிறது என்று. எந்த யானை என்றுதான் தெரியவில்லை. மாமா பெட்டிக்குக் கட்டக் கயிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றேன்.

"இருடி, பேசாத. மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கறேன்."

குனிந்து ஒவ்வொரு பொம்மையின் தலையையும் தொட்டாள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொல்லியிருந்தால், எல்லா யானைகளின் கால்களையும் பிதுக்கிப் பார்ப்பது கால் மணி நேர வேலை. ஆனால், இரும்பு வேண்டாம் என்றேனே என்று அக்கா கேட்பாள். மாமா எதிரில் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். கீழே எங்கேயாவது விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெட்டி போயிற்று. அடுத்த மூன்று நாளும் நான் வழக்கத்தைவிட அதிகமாகப் பிரார்த்தனை செய்தேன். அந்த ஊக்கு பொம்மைக்குள் இருக்கக்கூடாது என்று கேட்டேன். இருந்தாலும் திறக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டேன். எழுந்து போய்ச் சொல்லத் தைரியம் கொடு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கும்பிட்டவளுக்கு அது தோன்றவில்லை.

நாலாவது நாள் காலையில் நர்ஸ் அம்மா போனில் கூப்பிட்டார்கள். உடனே வரச் சொன்னார்கள். மூன்று பேருமாகப் போனோம். வார்டு வாசலில் ஒரு மேஜை. அதன்மேல் சாம்பல் நிற யானை ஒன்று படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு தாய், இடுப்பில் நாலு வயசுப் பெண் குழந்தை. குழந்தையின் கன்னத்தில் கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே சிவப்பாக ஒரு கீறல், மேலே மருந்து தடவியிருந்தது.

"ராத்திரியெல்லாம் யானை கடிக்குது, யானை கடிக்குதுன்னு அழுதிருக்கு. கனவுன்னு நெனச்சு அம்மா மறுபடியும் அதையே கையில குடுத்திருக்காங்க" என்றார்கள் நர்ஸ் அம்மா. கத்தரியை எடுத்து எங்கள் எதிரிலேயே யானையின் பின்னங்காலை வெட்டினார்கள். பஞ்சுக்கு நடுவே ஊக்கு வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

அக்கா அந்தக் காலைக் கையில் எடுத்தாள். கட்டை விரலால் ஒரு தடவை அமுக்கினாள். பிறகு மேஜைமேல் வைத்தாள்.

"நூலும் பஞ்சும் தவிர ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களேம்மா" என்றார்கள் நர்ஸ் அம்மா.

"என் கைத் தப்புதான் சிஸ்டர்."

அந்தத் தாய் அதுவரை பேசாமல் நின்றவள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. "தப்புன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடுவீங்க. கொஞ்சம் மேல பட்டிருந்தா? என் பொண்ணு கண்ணு போயிருந்தா, அதுக்கும் கறுப்பு நூல்ல ஒரு கண்ணு தச்சுக் குடுத்திருப்பீங்களா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்களே, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. நாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் பேசவில்லை, அவ்வளவுதான்.

ஆயா ஒருத்தர் துணி போடும் கூடையை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் மற்றப் பொம்மைகளை வாங்கினார். கொடுக்க மாட்டேன் என்று குழந்தைகள் அழுதன. கையில் மருந்துக் குழாய் ஏறிக்கொண்டிருந்த ஒரு குழந்தை வாத்தை விடவே இல்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள். மாமா தன் பூட்டு வேலைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, இருபத்து மூன்று பொம்மைமேலும் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. இருந்தாலும் இனி வைத்துக்கொள்ள முடியாது என்று நர்ஸ் அம்மா சொல்லிவிட்டார்கள். போன பெட்டி திரும்பி வந்தது.

வழியெல்லாம் மாமா ஒரு கேலிகூடச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊசியைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் பாத்திரங்களை எடுத்துப்போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த ஊக்கு நான் வச்சது."

"தெரியும்" என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எப்படித் தெரியும்?"

"கால அமுக்கிப் பாத்தேனே. உன் இறுக்கம் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்க்கா நீ ஏத்துக்கிட்டே?"

"உடம்பும் காலும் சேத்து என் பொம்மை. நான்தானே பொறுப்புன்னேன்." கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நீ அங்கயே சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லல. சரி, வாசல்ல வச்சுச் சொல்லுவேன்னு பாத்தேன். பஸ்ல பாத்தேன். படியேறும்போது எனக்கு மூச்சு வாங்குச்சே, நிக்கிறப்போ சொல்லுவேன்னு பாத்தேன். மூணு நாளாப் பாத்துட்டேன்டி."

எனக்கு அழுகை வந்தது. காலைப் பிடிக்கப் போனேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"என்கிட்ட அழுது என்ன ஆவப்போவுது? நான் குழந்தையா, எனக்கா குத்துச்சு? போய்ச் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு."

மறுநாள் தனியாகப் போனேன். நர்ஸ் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூல் துண்டு, ஊக்கு, மறைத்துக் குத்தியது, நாலில் ஒன்று குறைந்தது. அவர்கள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு? பெட்டி இங்க வர்றதுக்கு முன்னாடியே?"

"தெரியும் சிஸ்டர்."

அவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்தப் பொம்மைங்கள்ல எது உங்க கை, எது அவங்க கை?" என்று கேட்டார்கள்.

சொன்னேன்.

"உங்க கை பட்டதெல்லாம் எடுத்துடுங்க. அவங்க கையில மட்டும் ஆனதுன்னா கொண்டுவரச் சொல்லுங்க. இங்க இந்த மேஜைமேல வச்சுப் பாத்துட்டு எடுத்துக்கறேன். அந்த அம்மா வியாழக்கிழமை காலையில குழந்தைக்கு ஊசி போட வருவாங்க. அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து கத்தரியை எடுத்தேன். பதினொரு பொம்மை, நாற்பத்து நாலு கால். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். காலில்லாத யானையும் கரடியும் தரையில் வரிசையாகக் கிடந்தன. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள், தடுக்கவில்லை. நான் கடைசிக் காலை வெட்டி முடித்ததும் அவள் சாம்பல் நிறப் பையை ஜன்னலிலிருந்து இறக்கி, ஊசியை எடுத்தாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் நூல் கண்டைப் பிரித்துக்கொடுக்க நான் கையை நீட்டியபோது, "இருக்கட்டும்" என்று தானே எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வார்டு வாசலில் காத்திருந்தேன். ஊசி முடிந்து வெளியே வந்த அந்தத் தாய் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னாலேயே போய், நடந்ததைச் சொன்னேன். அவள் சட்டென்று நின்றாள்.

"அப்போ அன்னிக்கு நான் பேசினது?"

"எனக்கு வர வேண்டியதும்மா."

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? அந்த அம்மா தலைய நிமிரவே இல்லையே. ஆத்திரத்துல கண்ணு தச்சுக் குடுப்பீங்களான்னு வேற கேட்டுட்டேன். மூச்சு வாங்கிக்கிட்டு நின்னவங்களப் போய்." அவள் குரல் இறங்கிவிட்டது. "உங்களால நானும் தப்புப் பண்ணிட்டேனே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் மௌனம் என்னோடும் அக்காவோடும் போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். பிள்ளைக்காகக் கோபப்பட்ட ஒருத்தியைப் போய்த் தலை குனிய வைத்துவிட்டேன்.

"உங்க வீடு எங்க?" என்றாள். "நான் அவங்களப் பாக்கணும்."

கூட்டிக்கொண்டு வந்தேன். படியில் அவள் முன்னால் ஏறினாள். அவள் தோளில் சாய்ந்திருந்த குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. கன்னத்தில் கீறல் காய்ந்து பழுப்பாக இருந்தது. அக்கா கதவைத் திறந்து, யார் என்று தெரிந்துகொண்டு, "உள்ள வாங்கம்மா" என்றாள். அந்தத் தாய் உட்காரவில்லை.

"அக்கா, அன்னிக்கு ஆள் தெரியாமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"நீங்க எதுக்கும்மா கேக்கறீங்க? பெத்தவ பேசாம வேற யாரு பேசுவா? இந்த வீட்டுல மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆளு வேற" என்றாள் அக்கா. என்னைப் பார்த்தாள்.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அம்மாவிடம் சொன்னேன், தாயிடம் சொன்னேன், அக்காவிடம் அழுதேன். குத்துப்பட்டது யாரோ அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று விட்டிருந்தேன். ஆனால் யானை கடிக்கிறது என்று முதலில் சொன்னதே அந்தக் குழந்தைதான். யாரும் நம்பவில்லை.

கிட்டே போனேன். தாயின் இடுப்பில் இருந்த அவளுக்கு என் முகம் நேராக இருந்தது.

"கண்ணு, யானை உன்ன நிஜமாவே கடிச்சுது. நீ சொன்னது சரி. அது யானை தப்பில்ல, நான்தான் அதுக்குள்ள ஊக்கு வச்சுட்டேன். எனக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். என்ன மன்னிச்சுடும்மா."

குழந்தை என்னைப் பார்த்தது. பிறகு என் கையைப் பார்த்தது. இரண்டு கையையும் பார்த்தது. தன் கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பரவால்லன்னு சொல்லு செல்லம்" என்றாள் தாய்.

"வேணாம்மா" என்றேன். "சொல்லச் சொல்லாதீங்க."

அவர்கள் போகிறவரை குழந்தை என் பக்கம் திரும்பவே இல்லை.